இரட்டை எஞ்சின் விமானங்கள்

திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டியைச் சுற்றி வாழும் உங்களுக்குத் தொழிற்சாலை என்றால் புதிதன்று. உங்களுள் பலருடைய தந்தையரும் தமையன்மாரும் அங்கே உருக்காலையிலோ வார்ப்படச் சாலையிலோ வேலை செய்கின்றனர். ஆனால் நம் மாவட்டத்துக்கும் ஆகாய விமானத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு என்பதை உங்களில் பெரும்பாலோர் அறிந்திருக்கமாட்டீர்கள். செங்குன்றத்தை அடுத்த புழல் ஏரியில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானங்கள் இறங்கின; தரையில் அல்ல, தண்ணீரிலேயே இறங்கின. அவை பிரிட்டிஷ் விமானப் படையின் கட்டலினா என்னும் கடல் விமானங்கள். வங்காள விரிகுடாவில் பகைவர் கப்பல்களைத் தேடி இருபது மணி நேரம்கூடத் தொடர்ந்து பறக்கவல்லவை அவை. அதே காலத்தில் சற்று வடக்கே சோழவரத்தில் ஒரு விமானத் தளம் அமைந்தது. போர் முடிந்து பல்லாண்டுகள் அந்த ஓடுபாதையில் மோட்டார் பந்தயம் நடந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஏரியில் விமானம் இறங்குவதைத் தம் இளமையில் கண்டதாக என் தந்தையார் கூற நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

கட்டலினாவுக்கு எஞ்சின்கள் இரண்டு. 'ட்வின் வாஸ்ப்' என்று பெயர் பெற்ற அந்த எஞ்சினில் 14 உருளைகள், ஏழு ஏழாக இரண்டு வட்டமாக அமைந்திருக்கும். ஒவ்வொரு எஞ்சினும் 1,200 குதிரைத் திறன் தரும். இதே எஞ்சின்கள்தாம் டகோட்டா என்று உலகம் முழுவதும் புகழ் பெற்ற மற்றொரு விமானத்தையும் இயக்கின. இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் சிறு சிறு கம்பெனிகள் நம் நாட்டு வானத்தில் ஓட்டிய அந்த டகோட்டாவைப் பற்றியும், அதன் வழி வந்த இரட்டை எஞ்சின் விமானங்களைப் பற்றியுமே இன்று பேசப்போகிறேன்.

விமானத்துக்கு எஞ்சின் ஏன் இரண்டு? ஒன்று நின்றால் மற்றொன்று இருக்கிறது என்று எவரும் எளிதில் விடை சொல்லிவிடுவர். விடை சரியே, ஆனால் முழுமையானதன்று. சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பயணங்களில் ஒருமுறை எஞ்சின் பழுதாகும் என்று விளக்கத்துக்காக வைத்துக்கொள்வோம். ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஆயிரத்துக்கு ஒரு பழுது. இரட்டை எஞ்சின் விமானத்திலோ, ஏதேனும் ஓர் எஞ்சின் பழுதாவது ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு முறை! ஆகவே எஞ்சின் இரண்டானால் பழுதும் இரண்டு மடங்காகிறது. ஆனால் இரண்டும் ஒரே பயணத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் தனித்தனியே பழுதாவது பத்து லட்சத்துக்கு ஒருமுறைதான். இதிலிருந்து தெரிவது என்ன? நின்றதுபோக எஞ்சிய ஓர் எஞ்சின் விமானத்தைத் தாங்கிச் செல்லுமானால் இரண்டாவது எஞ்சின் நமக்குக் காவல். தாங்காதாயின் அது வெறும் சுமை. பழுதை இரட்டிப்பாக்கியதைத் தவிர அதனால் பயன் இல்லை.

தாங்குமா, தாங்காதா என்பதை எதைக் கொண்டு அறிவது? அங்கேதான் 'உபரி' என்னும் கருத்து வருகிறது. டகோட்டாவின் இரு எஞ்சின்களும் சேர்ந்து 2,400 குதிரைத் திறன் தருகின்றன. ஏறாமல் இறங்காமல் மட்டமாகப் பறப்பதற்கு 900 போதும் என்று, இதையும் விளக்கத்துக்காகவே, வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது 1,500. மேலே ஏறுவதற்கு உதவுவது இந்த உபரிதான். இப்போது ஓர் எஞ்சின் நின்றுவிடுகிறது. கையிலிருப்பது 1,200. நின்ற எஞ்சினின் விசிறி காற்றைத் தடுப்பதாலும், விமானம் சற்றுக் கோணலாகப் பறப்பதாலும் தேவை 1,000 ஆக உயர்கிறது. மிஞ்சுவது 200 மட்டுமே. எஞ்சின் பாதியாயிற்று; உபரியோ ஏழில் ஒரு பங்குக்கும் குறைவாயிற்று! பாதி போனால் பாதி மிஞ்சும் என்று நினைப்பது எவ்வளவு தவறான எண்ணம் என்பதை இக்கணக்கு காட்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. வகுப்பறையில் இதைக் கற்பிக்கும்போது நான் இரட்டை மாட்டு வண்டியை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். ஒரு மாடு படுத்துக்கொண்டால் மற்ற மாடு இழுக்க, வண்டி நேரே போகாமல் படுத்த மாட்டின் பக்கமாகத் திரும்பும். காலப்போக்கில் வண்டி மாட்டையே காணாத மாணவர்கள் வந்து சேர்ந்தனர், எடுத்துக்காட்டு பயன்படவில்லை. ஒருநாள் பழவேற்காட்டிலிருந்து வந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, படகில் ஒரு பக்கத்துத் துடுப்பு ஒடிந்தாலும் இப்படித்தான் ஆகும். நாங்கள் சுக்கானைத் திருப்பிப் பிடித்துக்கொள்வோம்" என்றான். விமானியும் அதையே செய்கிறார். விமானத்தின் வாலிலும் சுக்கான் உண்டு. அதைக் காலால் அழுத்தித் திருப்பிப் பிடித்து விமானத்தை நேரே செலுத்துகிறார். ஆனால் சுக்கானுக்கு வலிமை தருவது அதன்மீது பாயும் காற்று. வேகம் குறைந்தால் சுக்கானுக்குக் கட்டுப்படாமல் விமானம் புரண்டுவிடும். நின்ற விசிறியின் இதழ்களை, கத்தி முனை காற்றை நோக்குவதுபோல் திருப்பிவிட்டால் தடை வெகுவாகக் குறையும். சுக்கான், வேகம், விசிறி ஆகிய மூன்றையும் நொடிப்பொழுதில் கவனிக்கக் கற்பதே இரட்டை எஞ்சின் விமானியின் முதற்பாடம்.

இனி டகோட்டாவின் வரலாற்றுக்கு வருவோம். 1932 ஆம் ஆண்டில் அமெரிக்க விமானக் கம்பெனி ஒன்று புதிய பயணி விமானம் வேண்டுமென்று கேட்டது. தன் வழியிலுள்ள எந்த நிலையத்திலிருந்தும், முழுச் சுமையுடன், ஓர் எஞ்சின் நின்றாலும் மேலெழும்பவேண்டும் என்பது அது விதித்த கடுமையான நிபந்தனை. மூன்று எஞ்சின்கள் வேண்டும் என்றே அக்கம்பெனி முதலில் கருதியது. டக்ளஸ் என்னும் நிறுவனமோ இரண்டே போதும் என்று துணிந்து டி.சி.-1 என்ற விமானத்தைச் செய்து காட்டியது. அது 1933 இல் பறந்தது. அதன் வளர்ச்சியே டி.சி.-3. அது முதன்முதலில் பறந்த நாள் 1935 டிசம்பர் 17. ரைட் சகோதரர்கள் பறந்த நாளுக்குச் சரியாக 32 ஆண்டுகள் பின்னர். போர் வந்ததும் இதன் படைவகை பதினாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டது. அதற்குப் பிரிட்டிஷார் இட்ட பெயர்தான் டகோட்டா.

இறக்கைகளின் நீளம் 95 அடி. வேகம் மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். வாலின் கீழே சிறு சக்கரம் இருந்ததால் தரையில் நிற்கும்போது மூக்கு உயர்ந்தும் வால் தாழ்ந்தும் இருக்கும். பின்புற வாயிலில் நுழையும் பயணிகள் மேட்டில் ஏறுவதுபோல் நடந்து தங்கள் இருக்கைக்குச் செல்லவேண்டும். இக்காலத்து விமானங்களில் உள்ளதுபோல் உள்ளே காற்றழுத்தத்தைச் சமப்படுத்தும் ஏற்பாடு கிடையாது. ஆதலால் மிக உயரத்தில் பறக்க இயலாது. மேகத்துக்கு மேலே போகாமல் மேகத்தின் ஊடே, மழையிலும் சுழற்காற்றிலும் குலுங்கிக்கொண்டே செல்லவேண்டும். காதடைப்புக்குப் பஞ்சும், வாயில் போட்டுக்கொள்ள மிட்டாயும் கொடுப்பார்கள். ஆயினும் டகோட்டா புல்தரையிலும் இறங்கும், எளிதில் பழுது பார்க்கலாம், குறைவுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஏழை வீட்டுக்கு வாய்த்த நல்ல பசுவைப் போன்றது அது.

போர் முடிந்ததும் அமெரிக்கப் படை இந்தியாவில் விட்டுச் சென்ற டகோட்டாக்கள் மலிவான விலைக்கு வந்தன. பெங்களூரிலுள்ள ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை அவற்றைப் பயணி விமானங்களாக மாற்றிக் கொடுத்தது. உடனே நாடெங்கும் கம்பெனிகள் தோன்றின. நிஜாம் அரசும் டாட்டா நிறுவனமும் சேர்ந்து ஹைதராபாத்தில் டெக்கான் ஏர்வேஸ் நடத்தின. பிற கம்பெனிகள் ஒரு பெண்ணை விமானியாக ஏற்கத் தயங்கியபோது, 1947 இல் தொழில்முறை உரிமம் பெற்ற பிரேம் மாத்தூருக்கு வேலை கொடுத்தது இந்த டெக்கான் ஏர்வேஸ்தான். கல்கத்தாவிலிருந்து புவனேசுவரம், விசாகப்பட்டினம் வழியாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் விமானம் விட்டது ஏர்வேஸ் இந்தியா. ஒடிசாவில் பிஜு பட்நாயக் கலிங்கா ஏர்லைன்ஸ் நிறுவினார். 1947 ஜூலையில் டச்சுக்காரரின் முற்றுகைக்கு அஞ்சாமல் இந்தோனேசியாவுக்கு டகோட்டாவில் பறந்து, அந்நாட்டுத் தலைவர் சுதான் சாரிரை அழைத்து வந்தவர் அவர். அதே ஆண்டு அக்டோபர் 27 இல் காஷ்மீரத்தைக் காக்க நம் படைவீரர்களை ஸ்ரீநகரில் இறக்கியவையும் டகோட்டாக்களே. அப்பணியில் விமானப் படையின் விமானங்களோடு கம்பெனிகளின் விமானங்களும் கலந்துகொண்டன. பறக்கும் நிலைக்குப் புதுப்பிக்கப்பட்ட டகோட்டா ஒன்று 2018 இல் 'பரசுராமன்' என்ற பெயருடன் நம் விமானப் படையில் சேர்க்கப்பட்டது.

தமிழருக்கு நெருங்கிய செய்தி ஒன்றும் உண்டு. 1947 டிசம்பர் 10 இல் ஏர் சிலோனின் முதல் பயணம் தொடங்கியது. கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து புறப்பட்ட டகோட்டா, காங்கேசன்துறையில் இறங்கிப் பின் சென்னை சேர்ந்தது. அந்த நிறுவனத்தின் மூன்று டகோட்டாக்களுக்கும் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி எனப் பெயர். யாழ்ப்பாணக் கரைக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ரயிலிலும் கப்பலிலும் மாறிமாறிச் சென்ற வழியை அந்த விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கிற்று.

இவை எல்லாவற்றிலும் வியப்பானது இரவு அஞ்சல் திட்டம். 1949 சனவரியில் அது தொடங்கியது. தகவல் தொடர்பு மந்திரி ரஃபி அகமது கித்வாய் இதில் பெரிதும் முனைந்தார். இரவில் பறக்கத் தக்க வழிகாட்டும் கருவிகள் போதா என்று பெரிய கம்பெனிகள் பின்வாங்கின. சிறிய கம்பெனிகள் முன்வந்தன. முதலில் ஏற்ற கம்பெனி நிலைக்கவில்லை. அதே ஆண்டில் ஹிமாலயன் ஏவியேஷன் அப்பணியை மேற்கொண்டது. சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் ஒவ்வொரு டகோட்டா புறப்பட்டு, நாட்டின் நடுவிலுள்ள நாகபுரியில் வந்து கூடும். அங்கே நள்ளிரவு கடந்த வேளையில் பைகளை மாற்றிக்கொண்டு, அவை தத்தம் நகரத்துக்கு விடியுமுன் திரும்பும். சென்னையிலிருந்து நாகபுரி ஏறத்தாழ 900 கிலோமீட்டர். டகோட்டாவுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம்.

இதிலுள்ள கணக்கின் அழகைப் பாருங்கள். நான்கு நகரங்களை ஒன்றோடொன்று நேராக இணைக்க ஆறு வழிகள் வேண்டும். ஒவ்வொரு வழியிலும் இரு திசைக்கும் விமானம் விடவேண்டும். நடுவில் ஒரு கூடுமிடம் வைத்துவிட்டாலோ நான்கு விமானங்களே போதும்! 1973 இல் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரை மையமாக வைத்துப் பொட்டலங்களை இரவோடு இரவாகக் கொண்டு சேர்த்துப் பெருஞ்செல்வம் ஈட்டிய ஃபெடரல் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் முறையும் இதுவே. அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்னரே நம் அஞ்சல்காரர்கள் நாகபுரியில் அதைச் செய்து காட்டிவிட்டனர். 1949 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து உள்நாட்டுக் கடிதங்கள் கூடுதல் கட்டணமின்றியே விமானத்தில் சென்றன. மாலையில் சென்னையில் பெட்டியில் இட்ட கடிதம் மறுநாள் டில்லியில் கிடைத்தது. பிள்ளையின் உடல்நிலையை எண்ணி ஏங்கிய பெற்றோருக்கும், வேலைக்கான உத்தரவை எதிர்பார்த்திருந்த இளைஞனுக்கும் இது எத்துணை ஆறுதல் அளித்திருக்கும்!

ஆனால் அந்த ஆறுதலுக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1953 டிசம்பர் 12 அன்று இரவு அஞ்சல் டகோட்டா ஒன்று நாகபுரியிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது. தரையை விட்டு எழுந்த சிறிது நேரத்தில் ஓர் எஞ்சின் ஆற்றல் இழந்தது. விமானம் விழுந்து 13 பேர் மாண்டனர். நாம் முன்னர் பார்த்த கணக்கு இங்கே மனித உயிராக நிற்கிறது. உயரம் இருந்தால் தாழ்ந்து வேகம் பெறலாம். வேகம் இருந்தால் சுக்கான் பிடிக்கலாம். உயரமும் வேகமும் இல்லாத புறப்பாட்டு வேளையில் கைகொடுப்பது உபரி ஒன்றே. பழைய டகோட்டாவில், சுமை நிறைந்தபோது, அந்த உபரி மிகச் சொற்பம். பிற்காலத்தில் பயணி விமானங்களுக்குக் கடுமையான விதிகள் ஏற்பட்டன. புறப்படும் வேளையில் ஓர் எஞ்சின் நின்றாலும் விமானம் குறிப்பிட்ட அளவு ஏறியே தீரவேண்டும்; ஏற இயலாத சுமையை ஏற்றவே கூடாது.

இனிக் கம்பெனிகளின் கதை. எஞ்சினுக்கு உபரி வேண்டுவதுபோல் தொழிலுக்கும் உபரி வேண்டும். விமானத்தை மலிவாக வாங்கிவிட்டனர். ஆனால் பெட்ரோல், உதிரிப் பாகம், பழுது பார்க்கும் கொட்டகை, தேர்ந்த தொழிலாளர் என்பவை மலிவல்ல. பயணிகளோ சிலர், போட்டியிட்ட கம்பெனிகள் பல. சென்னையில் தோன்றிய ஜூபிடர் ஏர்வேஸ், குஜராத்தைச் சேர்ந்த அம்பிகா ஏர்லைன்ஸ் போன்றவை விரைவிலேயே மூடப்பட்டன. 1950 இல் அமைந்த நீதிபதி ராஜாத்யக்ஷாவின் விசாரணைக் குழு, அப்போதிருந்த போக்குவரத்துக்கு நான்கு கம்பெனிகளே போதும் என்று கூறியது. இறுதியில் அரசு சட்டம் இயற்றியது. 1953 ஆகஸ்டு முதல் தேதி எட்டுக் கம்பெனிகள் இணைந்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆயின. அப்போது அதற்குக் கிடைத்த 99 விமானங்களுள் 74 டகோட்டாக்கள்!

பின்னாளிலும் இக்கதை தொடர்ந்தது. டகோட்டாவின் இடத்தில் ஃபோக்கர் பிரண்ட்ஷிப்பும், கான்பூரில் உருவாக்கப்பட்ட ஆவ்ரோவும் வந்தன. இவையும் இரட்டை எஞ்சின் விமானங்களே. விசையாழியால் சுழலும் விசிறிகள் கொண்டவை. 1960-களின் இறுதியிலும் அதற்குப் பிறகும், சிறுவனாக இருந்த நான், எங்கள் ஊர் வயல்களின் மேலே வடக்கு நோக்கிச் செல்லும் விமானங்களின் ஓசையைக் கேட்டு ஓடி வந்து நின்று பார்த்ததுண்டு. 1981 இல் சிற்றூர்களுக்கென்றே வாயுதூத் தொடங்கியது. தமிழ்நாட்டில் தஞ்சாவூர், நெய்வேலி போன்ற ஊர்களுக்கும் அதன் சிறிய டார்னியர் விமானங்கள் வந்தன. நட்டம் மிகவே 1993 இல் அது இந்தியன் ஏர்லைன்ஸில் கலந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, பழைய ஃபோக்கர் விமானங்களுடன் 1990-களில் சிறிய ஊர்களை இணைக்க முற்பட்ட என்.இ.பி.சி. ஏர்லைன்ஸும் 1997 இல் நின்றது. பெயர்கள் மாறின, விமானங்கள் மாறின. உபரி இல்லாமல் தொடங்கிய முயற்சி நிலைக்கவில்லை என்ற உண்மை மட்டும் மாறவில்லை.

இருப்பினும் இம்முயற்சிகளை வீண் என்று நான் கருதமாட்டேன். பெரிய விமானங்களுக்குப் பெரிய நகரங்களே போதும். சேலத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் யார் போவார்கள்? சிறிய இரட்டை எஞ்சின் விமானந்தான் போகும். 2018 இல் சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே மீண்டும் விமானம் பறந்தபோதும், 2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வழி திறந்தபோதும் சென்றவை ஏ.டி.ஆர். என்னும் இரட்டை எஞ்சின் விமானங்களே. சிறிய ஊருக்குப் போக்குவரத்து வேண்டும் என்பது நியாயமான ஆசை. அந்த ஆசை நிறைவேற வேண்டுமானால், வருவாய் குறைந்த ஆண்டுகளையும் தாங்கும் வலிமையை முன்கூட்டியே தேடி வைக்கவேண்டும். அதை அரசு தருவதா, பயணிகள் தருவதா என்பதே 1950 இல் எழுந்த கேள்வி. நம் தலைமுறையின் கேள்வியும் அதுவே.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை தொழிற்சாலைகளில் பொறுப்பேற்பீர்கள். கொதிகலனுக்கு நீர் தரும் பம்பு இரண்டு இருக்கும். மின்சாரம் நின்றால் ஓட ஜெனரேட்டர் ஒன்று இருக்கும். கிரேனுக்குத் தடை இரண்டு இருக்கும். "இரண்டு இருக்கிறது, அச்சமில்லை" என்று யாரேனும் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று நின்றால் மற்றொன்று தனியே முழுச் சுமையையும் தாங்குமா? அதை நிறுத்தி ஓட்டிச் சோதித்துப் பார்த்தது எப்போது? இரண்டையும் ஒருசேர நிறுத்தக்கூடிய பொதுக் காரணம் ஏதேனும் உண்டா? ஒரே தொட்டியின் அழுக்கு எண்ணெய் இரண்டு எஞ்சினுக்கும் போகுமானால், பத்து லட்சத்துக்கு ஒன்று என்று நாம் போட்ட கணக்கு பொய்த்துவிடும் அல்லவா? இம்மூன்று கேள்விகளையும் கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கேட்கும் துணிவு வேண்டும். கேட்டவரைத் தொல்லைக்காரர் என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும். உங்கள் அருகே நின்று வேலை செய்பவர் மாலையில் வீடு திரும்புவது அதனினும் பெரிது.